கிரைண்டரின் சுருதி

துடியலூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகள் ஹாரிகாவுக்கு நைனா எழுதுவது.

இங்கே நான் சுகம், அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எழுதிவிட்டேன். சுகத்தின் விவரம் கேட்டால் சர்க்கரை போன மாதம் இருந்த அளவேதான், இடது முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது, பின்பக்கச் சுவரில் இந்த மழைக்கும் ஈரம் ஏறியிருக்கிறது. இனி அரை லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் மாதத்தில் இரண்டு நாள் மறந்து ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போகிறார், நானும் திருப்பிக் கொடுப்பதில்லை. எதிர்வீட்டு சாஜிதா பேகம் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். பெருநாளுக்கு பிரியாணி கொடுத்தனுப்பினார், ஒற்றை ஆள் எவ்வளவு சாப்பிடுவான் என்று அந்தம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை, மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

போன மாதம் நீ அனுப்பிய மெயிலை நான்கு தடவை படித்தேன். அதற்கு நான் போனில் சொன்னது பதில் அல்ல. உங்கம்மா என்ன உங்க கச்சேரிக்குப் பக்கவாத்தியமா என்று கத்திவிட்டு வைத்தேன், அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை நானும் கூப்பிடவில்லை, நம் வீட்டு வழக்கமே அதுதானே. போனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. எழுதும்போது அது கொஞ்சம் பின்னால் நிற்கிறது, அதனால்தான் காகிதம். நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு, எனக்கு எழுத வருவது தமிழ், நீ அங்கே வேலை பார்ப்பது இங்கிலீஷில், உங்கள் குழு பாடுவது அந்த ஊர்ப் பழைய பாஷையான கேலிக்கில், இத்தனையையும் தாண்டி இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர வேண்டும்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை தோறும் மாவு அரைக்கும்போது அம்மா பாடுகிற பாட்டை அவள் தன் போனில் பதிவு செய்து வைத்திருந்தாள், அனுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு அனுப்பாமலே போய்விட்டாள், அதைத் தேடி அனுப்புங்கள் நைனா, எங்கள் குழுவின் புது ஆல்பத்தில் கடைசிப் பாட்டில் சேர்க்கப் போகிறோம், முதலில் மைரி பாடுகிற கேலிக் பாட்டு, பிறகு தோல் பையை அணைத்து ஊதுகிற பைப், பிறகு கிடாரும் டிரம்ஸும் ஏறி எல்லாம் அடங்கின இடத்தில் அம்மாவின் குரல் வரும் என்று எழுதியிருந்தாய். மைரியின் பாட்டில் ஒருத்தி கடலைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள், அம்மாவின் பாட்டில் ஒருத்தி ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்த மகளை, தண்ணீர் கொலுசைத் தொட்டதா முழங்காலைத் தொட்டதா என்று கேட்கிறாள், இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் மாதிரி இருக்கிறது என்றாய். அதற்குப் பதில் சொல்லுமுன் என் மனதில் கிடப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டு எழுதினால் எங்காவது கசியும்.

முதல் குறை உன் அம்மாவோடு பிறந்த மாமா பாலகோபால் மேல். பிளஸ் டூ லீவில் அந்தக் கிடாரை உன் மடியில் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான். நான் முறைத்ததற்கு, நாலு கம்பிதானுங்க பாவா, ஆறு கம்பி வாங்கினா நீங்க திட்டுவீங்கன்னு ரெண்டு குறைச்சு வாங்கியாந்தேன் என்று சிரித்தான், உன் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த குறை கம்பெனி மேல். மோட்டார் டெஸ்டிங்கில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். ஸ்குரு டிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். எனக்குக் கீழே வேலை கற்றவர்களை மேனேஜர் ஆக்கினார்கள், எனக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது உன் மேல். டெக்ஸ்டைல் படித்து, கிளாஸ்கோவில் மேல்படிப்பும் முடித்து, ஈரோட்டிலோ திருப்பூரிலோ வந்து உட்கார வேண்டியவள், வாரத்தில் ஐந்து நாள் ஏதோ ஓர் ஆபீஸ், இரண்டு நாள் மேடை என்று அங்கேயே நின்றுவிட்டாய். நீங்கள் வாசிக்கிற வீடியோவைப் பார்த்தேன். பாதிப் பேர் கோயில் நோம்பிக்கு உடுத்திக்கொண்டு நிற்கிறவர்கள் மாதிரியும் பாதிப் பேர் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் மாதிரியும் இருந்தார்கள். நீ ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு அந்த நாலு கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாய், உன் சத்தம் தனியாகக் கேட்கவே இல்லை, ஆனால் ஓரிடத்தில் நீ நிறுத்தினாய், மேடையே அந்தரத்தில் தொங்கின மாதிரி ஆகிவிட்டது, அதை நான் கவனித்தேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாலகோபால் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

பைப்பின் சுருதியை யாருக்காகவும் ஏற்றவோ இறக்கவோ முடியாது, அதனால் நாங்கள் எல்லாரும் அதனிடம் போய்ச் சேருகிறோம் என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். வீட்டில் ஒருவருக்கும் இறங்கி வராதவள் அங்கே ஒரு தோல் பைக்கு இறங்கிப் போகிறாளாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள், நிமிராமலே, அது அப்பன் வழி வந்த குணமுங்க என்றாள்.

இனி எழுத வேண்டியது கஷ்டமானது. போன வருஷம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை உன் அம்மா இறந்துபோனபோது நீ வடக்கே ஒரு தீவில் கச்சேரிக்குப் போயிருந்தாய். காற்றில் கப்பல் ஓடவில்லை, நாளைக்கு ஓடும் என்கிறார்கள், வந்துவிடுகிறேன், வைத்திருங்கள் நைனா என்று அழுதாய். நீ ஞாயிற்றுக்கிழமை காலை வந்தபோது எடுத்து முடித்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி எடுத்த முடிவு, நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னேன். அது பொய். பாலகோபால் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஐஸ் பெட்டியில வெச்சிருக்கலாமுங்க, புள்ள வந்து மொகம் பாக்கட்டும் என்று கெஞ்சினான். சாஜிதா பேகம்கூட வாசலில் நின்றபடி, கொஞ்சம் பொறுங்கண்ணா என்றார். வேண்டாம், எடுங்கள் என்று சொன்னது நான்தான். உனக்குக் கச்சேரி பெரிது, கப்பல் ஒரு சாக்கு என்று நினைத்தேன். கப்பலை நிறுத்துகிற காற்று எப்படி இருக்கும் என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். போன டிசம்பரில் அந்தத் தீவின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் அலை துறைமுகச் சுவரைத் தாண்டி வந்து ஒரு லாரியின் மேல் விழுந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டு மூடி வைத்தேன். கொடுமுடியில் அஸ்தி கரைக்கும்போது நீ படித்துறையில் என் பக்கத்தில்தான் நின்றாய், அப்போது சொல்லியிருக்கலாம்.

பதினாறாம் நாள் கழிந்து நீ திரும்பிப் போன மறுநாள், கிரைண்டரைப் பிரித்துப் போட்டேன். உனக்கு ஐந்து வயதில் வாங்கின அதே கிரைண்டர். அதன் மோட்டாரில் முன்பக்கப் பேரிங் பத்து வருஷமாகத் தேய்ந்து ஊம் என்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஊரில் இருக்கிற மோட்டாருக்கெல்லாம் சத்தம் நிறுத்துகிறவன் வீட்டில் இப்படி ஒரு சத்தமா என்று நான் மாற்றக் கிளம்பும்போதெல்லாம், அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க, உங்க கையை உங்க கம்பெனியோட வெச்சுக்குங்க என்று அவள் தடுத்துவிடுவாள். தடுக்க ஆள் இல்லை என்று ஆனதும் மாற்றினேன். கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, கழித்த பேரிங்கை உடைத்துத்தான் போடுவோம், முழுசாகக் கிடந்தால் நாளைக்கு யாராவது நல்லது என்று எடுத்து மாட்டிவிடுவார்கள். அந்தப் பழைய பேரிங்கையும் வைஸில் இறுக்கிப் பிடிக்க வைத்தேன், சுத்தியலையும் எடுத்தேன், அன்றைக்குக் கை வரவில்லை. ஆயில் தடவி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து அம்மாவின் போனில் அந்தப் பதிவைப் பார்த்தேன். ஏழு நிமிஷம். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் காதில் விழுந்தது பாட்டு அல்ல அம்மணி, பேரிங். முப்பத்தோரு வருஷப் பழக்கம். கிரைண்டர் சத்தத்தோட அனுப்பினா அங்க இருக்கிறவங்க சிரிப்பாங்க என்று அவள் கூச்சப்பட்டது ஞாபகம் வந்தது, சத்தத்தை எடுத்துவிட்டுச் சுத்தமாக உனக்கு அனுப்பினால், நான் செய்ததற்கு ஓர் ஈடாக இருக்கும் என்று நினைத்தேன். காந்திபுரத்தில் தீபக் என்று ஒருவர், கல்யாண வீடியோக்களுக்கு ஒலிவேலை செய்கிறவர், அவரிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் கிரைண்டரை எடுத்துவிட்டார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்ட மாதிரி இருந்தது. சார், பழசு ஒரு காப்பி இருக்கட்டுமுங்களே என்றார். கழித்த பொருளை எதற்கு வைத்திருப்பது, நல்லதோடு கலந்துவிடும் என்றேன். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்ததை அவரை அழிக்கச் சொன்னேன், போனில் இருந்ததை நானே அழித்தேன். அழிக்கச் சுத்தியல் வேண்டியதில்லை, விரல் போதும்.

வீட்டுக்கு வந்து இயர்போன் போட்டு நிதானமாகக் கேட்டேன். மூடி போட்ட பானைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது, வரியின் கடைசிகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வரிக்கும் வரிக்கும் நடுவே அவள் வாயை மூடிக்கொண்டு முனகுவாளே, அது ஓரிடத்திலும் இல்லை. அவள் முனகினது கிரைண்டரின் சுருதியிலேயேதான், அவளுக்குத் தம்புரா அதுதான். மெஷினுக்கு எது உன் அம்மா ராமாமணி எது கிரைண்டர் என்று தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டது. அவள் கிரைண்டரோடு ஒட்டிப் பாடின இடத்திலெல்லாம் அவளும் போய்விட்டாள். தீபக்கிடம் ஓடினேன், அழித்ததைத் திரும்ப எடுக்க எத்தனையோ செய்து பார்த்தார், வரவில்லை. அவர் என்னைத் திட்டுவதற்குப் பதில் குடிக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உனக்கு எழுதாமல் மறைத்துவிட்டேன். ஆகவே நீ கேட்டபோது நான் கத்தியது உன் பாட்டின் மேல் இருந்த கோபத்தால் அல்ல, கொடுக்க என்னிடம் பொருள் இல்லை.

உன் மெயிலில் இன்னொரு விஷயம் எழுதியிருந்தாய், அதை நான்காவது தடவைதான் சரியாகப் படித்தேன். மைரியின் ஊரில் பெண்கள் ஈரக் கம்பளித் துணியை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அடித்து அடித்துக் கெட்டியாக்கும்போது பாடுகிற பாட்டு அது என்றும், சிலபேர் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடியை விட்டுவிடுகிறார்கள், நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம், பலகையில் துணி விழுகிற சத்தத்தைப் பதிவு செய்து அதன் மேல்தான் டிரம்ஸை வைக்கிறோம், அந்தச் சத்தம் பாட்டில் பாதி, அம்மாவுக்குக் கிரைண்டர் மாதிரி, அதனால் கிரைண்டரோடு அனுப்புங்கள் நைனா என்றும் எழுதியிருந்தாய். அங்கேயும் கடையில் இங்கிலீஷ், அடுப்படியில் கேலிக், நம் வீடு மாதிரியேதான் என்றாய். தூரத்தில் இருந்துகொண்டு உனக்குத் தெரிந்தது, பக்கத்து அறையில் முப்பது வருஷம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் தகர டப்பாவை எடுத்தேன். புதுப் பேரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதைப் போட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சும்மா ஓட்டிப் பார்த்தால் அந்தச் சத்தம் வரவில்லை, வெறும் கல் உருள்கிற இரைச்சல். லோடு வேண்டும். அதனால் நேற்று விடிகாலையிலேயே அவள் போடுகிற அளவுக்கே உளுந்தும் அரிசியும் ஊறவைத்து, உளுந்தை முதலில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். வந்தது. ஊம் என்று வீடு முழுக்க வந்தது. உளுந்து பொங்கிக் கெட்டிப்படும்போது மோட்டாருக்குச் சுமை ஏறிச் சத்தம் மயிரிழை இறங்கினது, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டின் பாதியில் அவளுக்குச் சுருதி இறங்கும். நான் அந்த அறையிலிருந்து, ராமாமணி, சுருதி இறங்குது என்று கேலி செய்வேன். நானெங்க இறங்கறேன், உங்க மோட்டாரு இறங்குது, நானும் கூடப் போறேன் என்பாள். சமாளிக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். டெஸ்டிங்கில் இருந்தவன், லோடு ஏறினால் வேகம் குறையும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

முழுவதையும் போனில் பதிவு செய்தேன். மாவு ஒரு குண்டா நிறைய ஆகிவிட்டது, பாதியை சாஜிதா பேகத்துக்குக் கொடுத்தேன். ஏனுங்கண்ணா, இட்லிக் கடை போடறீங்களா என்று சிரித்தவர், நான் ஏன் அரைத்தேன் என்று சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் தீபக்கிடம் கொண்டுபோனேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சத்தம் நசுங்கிவிடுமாம், அதனால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார், இதோடு கூரியரில் வருகிறது. அதில் இரண்டு இருக்கிறது. ஒன்று அம்மாவின் குரல், கிரைண்டர் இல்லாமல், ஓட்டைகளோடு. மற்றொன்று கிரைண்டர், அம்மா இல்லாமல். இரண்டையும் சேர்த்தால் பழையது வராது என்று எனக்குத் தெரியும், நீ சேர்த்துத்தான் பார்ப்பாய் என்றும் தெரியும். முனகல் இல்லாத இடங்களில் மைரியையோ பைப்பையோ விட வேண்டாம். நீ முனகலாம், இல்லையென்றால் வெறுமனே விட்டுவிடு. இது என் வேண்டுகோள்தான், கட்டளை இல்லை.

இன்னொன்று. தீபக் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சார், உளுந்து கெட்டியாகிற எடத்துக்கப்புறம் இதுல ஒரு ஆம்பளை மொனகற சத்தம் வருதுங்க, எடுத்துரட்டுங்களா என்றார். எனக்கே தெரியாது. கேட்டுப் பார்த்தேன், நான்தான். நான் பாடி நீ கேட்டதில்லை, உன் அம்மாவும் கேட்டதில்லை. கேட்கச் சகிக்காது, கிரைண்டரோடு சேர்ந்து இறங்கியும் இருக்கிறது. வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குளிரில் வெறுந்தலையோடு நிற்காதே. மைரிக்கு என் விசாரிப்பைச் சொல். காற்று அடிக்கிற நாளில் கப்பலுக்கு அவசரப்படாதே, இங்கே இனி யாரும் அவசரப்பட மாட்டார்கள், வரும்போது வா, காத்திருக்கிறேன். பாலகோபாலுக்கு நானே போன் செய்வதாக இருக்கிறேன், இன்னும் செய்யவில்லை. உன் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் இருக்கிற தெய்வங்கள் உன்னையும் உன் கை விரல்களையும் காப்பாற்றட்டும். கடைசியாக ஒன்றை மறக்காதே கண்ணு. அங்கே என்ன வெட்டினாலும் ஒட்டினாலும், நான் அனுப்பியதில் ஒரு காப்பியை அப்படியே தொடாமல் வைத்துக்கொள், என் சத்தத்தோடு.

உன் நைனா,
வேங்கடபதி